கிட்டாரும் சிதாரும் சொந்தக்காரங்களா?

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல தந்தி வாத்தியங்களோட பேரைப் பத்தியே இருந்துச்சு, அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒண்ணைப் பிடிச்சு இழுத்தா இன்னொண்ணும் கூடவே வருது, பதில்களை வரிசையாவே படிங்க.

கேள்வி: சார், "நம்ம சிதார்தான் கடல் தாண்டிப் போயி கிட்டார் ஆச்சு, பேரே சொல்லுதே"ன்னு ஒரு ஃபார்வர்டு மெசேஜ் எங்க குரூப்ல சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் கேக்குது, நம்பலாமா?

பதில்: நம்ப வேணாம்ங்க. சிதார்ங்கறது பாரசீகப் பேர். அந்த மொழியில 'சே'ன்னா மூணு, 'தார்'னா தந்தி, ரெண்டும் சேந்து சேதார், மூணு தந்தி உள்ளது, அவ்வளவுதான். ரெண்டு தந்தி இருந்தா துதார், அது இன்னைக்கும் ஈரான்லயும் உஸ்பெகிஸ்தான்லயும் வாசிக்கிற வாத்தியம். வெறும் தார்னே இன்னொரு வாத்தியமும் இருக்கு. தந்தியை எண்ணிப் பாத்து பேர் வச்சுட்டாங்க, அதுக்கு மேல அதுல ஒரு ரகசியமும் இல்ல.

கிட்டார்ங்கற பேர் வந்த வழியே வேற. கிரேக்கத்துல கித்தாரான்னு ஒரு வாத்தியம் இருந்துச்சு, அந்த பேர் அரபிக்குப் போயி கீத்தாரா ஆகி, அங்கேர்ந்து ஸ்பானிஷ்ல கிதார்ரா ஆகி, ஸ்பெயின்லேர்ந்து பிரெஞ்சு, இங்கிலீஷ்னு பரவி நம்மகிட்ட வந்து சேந்துச்சு. அதே கிரேக்கச் சொல் லத்தீன் வழியா ஜெர்மனிக்குப் போயி 'சித்தர்'னு ஆயிருக்கு, அது பெட்டி மேல நிறைய தந்தி கட்டி மடியிலயோ மேஜையிலயோ வச்சு வாசிக்கிற வேற வாத்தியம். கவனிச்சீங்களா, கிட்டாரோட நிஜமான சொந்தக்காரன் பேர்தான் காதுக்கு சிதார் மாதிரியே இருக்கு, ஆனா அவனுக்கும் சிதாருக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. கிரேக்கத்துல கித்தாராங்கற சொல்லுக்கு வேர் தேடினவங்களுக்கு கிரேக்க வேரே கிடைக்கல, கிரேக்கர்கள் வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்த ஏதோ ஒரு மொழிச் சொல்லா இருக்கும்னுதான் பல பேர் நினைக்கிறாங்க.

சிதாருக்கு சொந்தம் தேடணும்னு நிஜமாவே ஆசை இருந்தா நம்ம 'தந்தி'ங்கற சொல் பக்கம் வாங்க. பாரசீக தார், சமஸ்கிருத தந்த்ரி ரெண்டுமே 'இழு, நீட்டு'ங்கற ஒரே பழைய வேர்லேர்ந்து வந்தது, நம்ம தந்தி அந்த தந்த்ரிதான். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, டெலிகிராஃப் வந்தப்போ இந்திக்காரங்க அதுக்கு 'தார்'னு பேர் வச்சாங்க, நாம 'தந்தி'ன்னு பேர் வச்சோம். 2013 ஜூலையில அந்த சேவையை நிறுத்துற வரைக்கும் நாம அடிச்ச தந்திக்குள்ள ஒரு வாத்தியத்தோட நரம்பு இருந்துச்சு.

கேள்வி: அந்த கிரேக்க கித்தாரா இப்ப இருக்கிற கிட்டார் மாதிரியே இருந்துச்சா?

பதில்: கொஞ்சம் கூட இல்ல. கிட்டார்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்த நீளமான கழுத்து, அதுல விரலை அழுத்தி அழுத்தி சுரம் மாத்துறது. கித்தாராவுக்கு கழுத்தே கிடையாது. கீழ ஒரு மரப்பெட்டி, அதுலேர்ந்து ரெண்டு கை மேல எழும்பும், மேல குறுக்க ஒரு கட்டை, அந்த கட்டைக்கும் பெட்டிக்கும் நடுவுல பெரும்பாலும் ஏழு நரம்பு. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீட்டுல பழகுறவங்களுக்கு லைரான்னு ஆமை ஓட்டுல செஞ்ச சின்ன வாத்தியம் தனியா இருந்துச்சு, கித்தாரா தொழில்முறை கலைஞர்களோடது, போட்டிகள்ல நின்னுக்கிட்டு மார்போட சாய்ச்சு வச்சு வாசிச்சுக்கிட்டே பாடுவாங்க.

"ரோம் எரியிறப்போ நீரோ பிடில் வாசிச்சான்"னு சொல்றோமே, அந்த தீ கி.பி. 64-ல நடந்தது. பிடில்ங்கற வாத்தியம் வர்றதுக்கு அதுக்கப்புறம் பல நூறு வருஷம் ஆச்சு. நீரோ நிஜமாவே மேடையேறி வாசிச்சுப் பாடின ராஜா, அவன் கையில இருந்தது இந்த கித்தாராதான். அவன் அன்னைக்கு வாசிச்சானா இல்லையாங்கறது அந்தக் காலத்துலயே வதந்தியா ஓடின விஷயம், ஆனா பிடில் வாசிச்சிருக்கவே முடியாது.

இனிமேதான் கதையில முக்கியமான இடம். கித்தாராங்கற பேர் மத்தியதரைக்கடலைச் சுத்திப் போயி ஸ்பெயின்ல கழுத்து உள்ள, இடுப்பு ஒடுங்கின வேற ஒரு வாத்தியத்து மேல போய் ஒட்டிக்கிச்சு. அந்த வாத்தியம் 16-ஆம் நூற்றாண்டுல நாலு வரிசைத் தந்தியோட இருந்து, அப்புறம் அஞ்சாகி, 1800 வாக்குல ஆறு ஒத்தைத் தந்தியாகி, 19-ஆம் நூற்றாண்டுல அந்தோனியோ டி டோரஸ்ங்கற ஸ்பெயின் கைவினைஞர் (1817–1892) கையில இன்னைக்கு நாம பாக்குற உடம்பும் அளவும் பெற்றுச்சு. இன்னைக்கு கிரேக்க மொழியில கித்தாரான்னா என்ன அர்த்தம் தெரியுமா? கிட்டார். வீட்டை விட்டுப் போன பேர் ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு வீட்டுக்கே திரும்பி வந்துடுச்சு, ஆனா வேற ஒரு வாத்தியத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு. லைராவுக்கும் இதே கதிதான், கிரீட் தீவுல லைரான்னா இப்ப வில்லால வாசிக்கிற பிடில் மாதிரி ஒண்ணு.

அதனாலதான் நான் திரும்பத் திரும்ப சொல்றேன், பேர் தனியா பயணம் பண்ணும், வாத்தியம் தனியா பயணம் பண்ணும். பேரை மட்டும் வச்சு வாத்தியத்தோட ஊரைக் கண்டுபிடிக்கப் போனா தப்பான வாசல்லதான் போய் நிப்போம்.

கேள்வி: பேர்ல மூணுன்னு சொல்றீங்க, கச்சேரியில பாக்குற சிதார்ல அவ்வளவு தந்தி இருக்கே?

பதில்: ஆமாங்க, 18-லேர்ந்து 21 வரைக்கும் இருக்கும், அதுல பாதிக்கு மேல விரல் படாமலே கூட சேந்து அதிர்ற அடித்தந்திகள். வாத்தியம் வளந்துச்சு, பேர் வளரல. ஈரான்ல இருக்கிற சேதாருக்கே இப்ப நாலு தந்தி. சிதாரை கவிஞர் அமீர் குஸ்ரோ கண்டுபிடிச்சார்னு ஒரு கதை உண்டு, அவர் 1325-ல காலமானவர், ஆனா சிதார்ங்கற வாத்தியம் நமக்குத் தெரிய வர்றது 18-ஆம் நூற்றாண்டு டெல்லியிலதான். அங்க குஸ்ரோ கான்னு ஒரு இசைக்கலைஞர் இருந்தார், ரெண்டு பேர் பேரும் கலந்து போயி புகழ் முழுக்க பழையவருக்குப் போயிடுச்சுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. வாத்தியத்தோட பேர்தான் ஆளை ஏமாத்தும்னு இல்ல, ஆளோட பேரும் ஏமாத்துது.

கேள்வி: அரபு நாட்டு ஊத், ஐரோப்பாவோட லூட், ரெண்டும் படத்துல ஒரே மாதிரி இருக்கு. இதுவும் பேர் பண்ற ஏமாத்தா?

பதில்: இல்ல, இந்த இடத்துல பேரும் வாத்தியமும் ஒண்ணாவே போயிருக்கு. அரபியில ஊத்னா மரம், மரக்கட்டை. 'அல்'ங்கறது அந்த மொழியில சொல்லுக்கு முன்னாடி சேக்குற சின்ன ஒட்டு, ஆல்ஜீப்ரா, ஆல்கஹால்ல எல்லாம் இருக்கே, அதே அல். அல்-ஊத்னு அரபிக்காரங்க சொன்னதை போர்ச்சுகீஸ்காரங்க முழுசா அலாவூத்னு வாங்கிக்கிட்டாங்க, ஸ்பானிஷ்காரங்க முன்னாடி இருந்த அகரத்தை விட்டுட்டு லாவூத்னாங்க, இத்தாலியில லியூத்தோ, பிரெஞ்சுல லூத், இங்கிலீஷ்ல லூட். லூட்ல இருக்கிற 'ல்' அந்த ஒட்டுல மிச்சம் நின்ன எழுத்து. பிரெஞ்சுல லூத் செய்றவருக்கு லூத்தியேன்னு பேர் வந்துச்சு, இப்ப வயலின் செய்றவரும் லூத்தியே, கிட்டார் செய்றவரும் லூத்தியே.

அரபியில வாசனைக் கட்டையான அகிலுக்கும் ஊத்னுதான் பேர். அந்த ஊத்தை வச்சு செஞ்ச பத்தி ஊத்பத்தி ஆச்சு, அதுதான் நம்ம ஊதுவத்தி. நாம என்னமோ ஊதுறதால ஊதுவத்தின்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம், உள்ள இருக்கிறது அரபி மரம்.

கிழக்குப் பக்கம் இதே உருவத்துல சீனாவோட பீப்பா இருக்கு. கையை முன்னாடி தள்ளி மீட்டினா 'பீ', பின்னாடி இழுத்து மீட்டினா 'பா', அதனால பீப்பான்னு அங்க ரொம்பப் பழைய அகராதி ஒண்ணே விளக்கம் குடுக்குது. மரத்தைப் பாத்து பேர் வச்சவங்க ஒரு பக்கம், தந்தியை எண்ணி வச்சவங்க ஒரு பக்கம், இவங்க கை அசைவைப் பாத்து வச்சிருக்காங்க. அது ஜப்பானுக்குப் போயி பிவா ஆச்சு, நாரா நகரத்துல ஷோசோயின்ங்கற பழைய கருவூலத்துல 8-ஆம் நூற்றாண்டு அஞ்சு தந்தி பிவா ஒண்ணு இன்னும் பத்திரமா இருக்கு. ஜப்பானோட பெரிய ஏரிக்கும் பிவா ஏரின்னுதான் பேர், வாத்தியத்தோட உருவம்னு சொல்றாங்க. வாத்தியத்தால ஊருக்குப் பேர் வந்ததா சொல்ற கதை நமக்கும் புதுசில்லையே, யாழ் வாசிச்ச பாணனுக்குப் பரிசா கிடைச்ச ஊர்னுதான் யாழ்ப்பாணத்துக்கு மரபுக்கதை.

கேள்வி: தம்புரான்னா தும்புரு முனிவர் பேர்லேர்ந்து வந்ததுதானே?

பதில்: அப்படித்தான் பலரும் சொல்றாங்க, தும்புருவும் நாரதரும் பாடினாங்கன்னு கேட்டு வளந்த காதுக்கு அது இயல்பாவும் இருக்கு. ஆனா இந்த பேர் ரொம்ப தூரம் பரவிக் கிடக்கு. ஈரான்லயும் குர்து மக்கள்கிட்டயும் தன்பூர், துருக்கியில தம்பூர், கஜகஸ்தான்ல ரெண்டு தந்தி தோம்ப்ரா, குரோவேஷியாவுல தம்பூரா, தம்பூரித்சா, ஜார்ஜியாவுல மூணு தந்தி பந்தூரி, பழைய கிரேக்கத்துல பந்தூரா. இத்தாலியோட மந்தோலாவும் அந்த பந்தூராவோட வாரிசுதான், மந்தோலாவுல சின்னது மந்தோலினோ, அதாவது நம்ம கர்நாடக சங்கீத மேடை வரைக்கும் வந்து உக்காந்த மாண்டலின். மெசபடோமியாவோட பழைய மொழியான சுமேரியத்துல 'சின்ன வில்'னு அர்த்தம் வர்ற ஒரு சொல்தான் இதுக்கெல்லாம் மூலம்னு ஒரு கருத்து இருக்கு, அதை ஒரு கருத்தா மட்டும் வச்சுக்கலாம். நீளக் கழுத்து வாத்தியம் மெசபடோமியாவுல கி.மு. 2300 வாக்குலயே முத்திரைகள்ல செதுக்கப்பட்டிருக்குங்கறது மட்டும் உறுதி.

இத்தனை ஊர்லயும் இந்த வாத்தியத்துல பாட்டே வாசிக்கிறாங்க, நாம மட்டும்தான் அதை சுருதிக்குன்னு ஒதுக்கி வச்சோம். அது குறைச்சல் இல்ல. விரல் அழுத்துறதுக்குக் குறுக்க வச்ச மெட்டுகளை எல்லாம் எடுத்துட்டு, தந்தி ஏறி உக்காற குதிரைங்கற கட்டை மேல தந்திக்கு அடியில ஒரு சின்ன நூலை நகத்தி நகத்தி வச்சு அந்த ரீங்காரத்தைப் பிடிச்சாங்களே, உலகத்துல எந்த தன்பூர்லயும் அப்படி ஒரு நாதம் கேக்காது.

கேள்வி: ஐயா, அப்பர் "மாசில் வீணையும்"னு பாடினாரே, அந்த வீணை இப்ப நாம பாக்குற வீணைதானா? யாழும் வீணையும் ஒண்ணுதான்னு சொல்றாங்களே, அதுவும் சரியா?

பதில்: ரொம்ப நாளா இதைப் பத்தி எழுதணும்னு இருந்தேன். இப்ப நாம பாக்குற வீணை, குடம், தண்டிங்கற நீளமான கழுத்து, மெழுகுல பதிச்ச 24 மெட்டு, நாலு வாசிப்புத் தந்தி, மூணு தாளத் தந்தி, நுனியில யாளி முகம், இந்த அமைப்பு தஞ்சாவூர்ல ரகுநாத நாயக்கர் ஆட்சியில (1600–1634) உருவானதுன்னு சொல்லுவாங்க. அப்பர் 7-ஆம் நூற்றாண்டு. ஆக அவர் கேட்ட வீணை இந்த வீணை இல்ல.

அப்ப அவர் கேட்டது எது? இந்த இடத்துலதான் பொறுமையா யோசிக்கணும். பழைய காலத்துல வீணைங்கறது ஒரு தனி வாத்தியத்தோட பேர் இல்ல, தந்தி வாத்தியம் எல்லாத்துக்கும் பொதுப் பேர் மாதிரி. நாட்டிய சாஸ்திரத்துல ஏழு தந்தி சித்ரா வீணை, ஒன்பது தந்தி விபஞ்சி வீணைன்னு வருது, மெட்டு வச்ச பேச்சே இல்ல. குப்த ராஜா சமுத்திரகுப்தர் 4-ஆம் நூற்றாண்டுல வெளியிட்ட தங்கக் காசுல அவர் மடியில ஒரு வாத்தியத்தை வச்சு வாசிக்கிறார், புத்தகங்கள்ல அதை வீணைன்னு எழுதுவாங்க, உத்துப் பாத்தா வில் மாதிரி வளைஞ்ச ஹார்ப், அதாவது திறந்த நரம்புகளை வரிசையா கட்டின வாத்தியம். சாஞ்சி, அமராவதி சிற்பங்கள்லயும் அந்த வளைஞ்ச உருவம்தான். அதே குடும்பத்துலதான் நம்ம யாழும் வரும்.

யாழ் எப்படி இருந்துச்சுன்னு சங்கப் பாட்டே விலாவாரியா சொல்லுது. பொருநராற்றுப்படையில அந்த பத்தர், அதாவது கீழ இருக்கிற குடம் மாதிரியான பகுதி, மான் குளம்பு பதிஞ்ச தடம் மாதிரி நடுவுல பிளந்தாப்ல இருக்கும்னும், மேல இழுத்துக் கட்டின தோல் விளக்குச் சுடர் நிறத்துல இருக்கும்னும் வர்ணனை வருது. சீறியாழ் வச்சிருந்தவங்க சிறுபாணர், பேரியாழ் வச்சிருந்தவங்க பெரும்பாணர். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு ஏழுன்னு கணக்கு உண்டு.

இதுக்கெல்லாம் மேல ஒரு சாட்சி நம்ம மொழிக்குள்ளயே இருக்கு. சிலப்பதிகாரத்துலயும் அதோட உரையிலயும் 'நரம்பு'ன்னா தந்தி மட்டும் இல்ல, சுரத்துக்கே நரம்புன்னுதான் பேர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம், இந்த ஏழும் ஏழு நரம்பு. ஏன் அப்படி? ஒரு நரம்புக்கு ஒரு சுரம் இருந்தாத்தானே ரெண்டுக்கும் ஒரே சொல் பொருந்தும்? மெட்டு வச்ச வீணையில ஒரே தந்தியில ஏழு சுரமும் வந்துடும், அதை வாசிச்ச ஜனம் சுரத்தை நரம்புன்னு கூப்பிட்டிருக்காது. யாழ் ஹார்ப் வகைதான்னு சொல்றதுக்கு எனக்கு இதை விட பெரிய சாட்சி வேணாம்.

யாழ்முரி கதை ஞாபகம் இருக்கும். திருநீலகண்ட யாழ்ப்பாணர் வாசிக்கிறதாலதான் சம்பந்தர் பதிகத்துக்குப் பெருமைன்னு உறவுக்காரங்க பேச, யாழ்ப்பாணர் மனசு கேக்காம யாழ்ல அடங்காத ஒரு பதிகம் பாடுங்கன்னு வேண்டிக்கிட்டார், சம்பந்தர் தருமபுரத்துல பாடின அந்த பதிகத்தை யாழ்ல வாசிக்க முடியாம அவர் யாழையே உடைக்கப் போயிட்டார், சம்பந்தர் தடுத்தார். பக்திக் கதையா படிச்சாலும் கண்ணு கலங்கும், வாத்தியக் கதையா படிச்சாலும் அதுல ஒரு உண்மை இருக்கு. தொண்டை ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கிட்டுப் போகும், வளைஞ்சு கொடுக்கும், திறந்த நரம்புகளை வரிசையா கட்டின யாழால அது முடியாது. தந்தியை இழுத்து கமகம் பிடிக்கணும்னா கீழ ஒரு தண்டி வேணும், மெட்டு வேணும். நம்ம சங்கீதம் எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கம் யாழால வர முடியல, தண்டி உள்ள வீணையால முடிஞ்சுது. யாழ் மறைஞ்சதுக்கு பல காரணம் இருக்கலாம், எனக்கு இது ஒண்ணே பெரிய காரணமா படுது.

யாழும் வீணையும் ஒண்ணான்னு கேட்டீங்க. மாணிக்கவாசகர் திருப்பள்ளியெழுச்சியில "இன்னிசை வீணையர் யாழினர் ஒருபால்"னு பாடுறார். வீணை வாசிக்கிறவர் வேற, யாழ் வாசிக்கிறவர் வேறன்னு அந்த ஒரு வரியே பிரிச்சுக் காட்டுது. ரெண்டும் கொஞ்ச காலம் பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கு. மேல படிக்க ஆசைப்படுறவங்க விபுலானந்த அடிகளோட யாழ் நூலைப் படிங்க, 1947-ல வந்தது, பல வருஷ உழைப்பு.

யாழோட உறவுமுறை இன்னைக்கும் உயிரோட இருக்கிற இடம் பர்மா, அங்க சவுங்னு அந்த வளைஞ்ச ஹார்ப் இன்னும் மேடையில வாசிக்கப்படுது. வீணைங்கற பேரும் சும்மா இருக்கல. கம்போடியாவுல 'பின்' ஆச்சு, தாய்லாந்துல கிட்டார் மாதிரி மாட்டிக்கிட்டு வாசிக்கிற வாத்தியம் ஒண்ணுக்கும் 'பின்'னுதான் பேர். வடக்க ருத்ர வீணையை 'பீன்'னு சொல்றாங்க, பாம்பாட்டி ஊதுற மகுடிக்கும் அதே பீன்தான். தந்தியே இல்லாத ஊது வாத்தியத்து மேல போய் உக்காந்துடுச்சு பாருங்க அந்த பேர்.

கேள்வி: தமிழ் பைபிள்ல தாவீது சுரமண்டலம் வாசிச்சான்னு வருதே, அது இந்துஸ்தானி பாடகர்கள் மடியில வச்சிருக்கிற சுரமண்டலமா?

பதில்: இல்லைங்க, எபிரேயத்துல அங்க இருக்கிற சொல் கின்னோர், கையில தூக்கிட்டுப் போற சின்ன லைரா வகை. மொழிபெயர்த்தவங்க படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச பேரா வைக்கணுமேன்னு சுரமண்டலம்னு வச்சாங்க, அது ரொம்ப நியாயமான முடிவு. தானியேல் மூணாம் அதிகாரத்துல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வச்ச சிலைக்கு முன்னாடி வாசிக்கிற வாத்தியங்கள்ல கின்னரம்னு ஒண்ணு வரும் பாருங்க, மூலத்துல அது கைத்ரோஸ், அதாவது நம்ம கிரேக்க கித்தாராவேதான். அதே வரிசையில வர்ற பெசந்தெரின்ங்கற இன்னொரு கிரேக்கப் பேர்தான் பின்னாடி பாரசீகத்துல சந்தூர் ஆச்சுன்னு அகராதிகள் சொல்லுது. இன்னைக்கு இஸ்ரேல்ல கின்னோர்னா வயலின்.

கேள்வி: வீணையில தந்தி ஏறி உக்காற கட்டையை ஏன் குதிரைன்னு சொல்றோம்?

பதில்: தந்தி அது மேல சவாரி பண்றதால. இதை நாம மட்டும் சொல்லல, இந்தியிலயும் குதிரைதான், பிரெஞ்சுல ஷெவலே, சின்னக் குதிரை, ரஷ்யாவுல கோபில்கா, சின்னப் பெண் குதிரை, சீனத்துலயும் குதிரைங்கற சொல்தான், ஜப்பான்ல கோமா, அதுவும் குதிரைக்குட்டி. ஈரான்காரங்க மட்டும் கரக்னு சொல்றாங்க, அப்படின்னா குட்டிக் கழுதை. இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் இத்தாலியிலயும் அதுக்குப் பேர் பாலம், ஆனா கிட்டார்ல அந்த பாலத்து மேல வர்ற வெள்ளை எலும்புத் துண்டுக்கு இங்கிலீஷ்ல சேடில்னு பேர், சேணம்! குதிரை இல்லாம சேணம் மட்டும் எப்படியோ அங்க தங்கிடுச்சு.

கேள்வி: கிட்டார்னு எழுதணுமா கிதார்னு எழுதணுமா?

பதில்: இங்கிலீஷ் உச்சரிப்பு நம்ம காதுக்கு டகரமா கேக்கும், அதனால கிட்டார். ஸ்பானிஷ்லயும் அரபியிலயும் நாக்கு பல்லைத் தொடும், அதனால கிதார் அதுக்குப் பக்கம். நான் பேசுறப்போ கிட்டார்னுதான் சொல்றேன், நீங்க கிதார்னு எழுதினாலும் திருத்த மாட்டேன்.